வாசகர் கேள்வி – பதில்: அடுத்த ஐந்தாண்டில் எந்த ஊரில் எத்தனை வீடுகள்?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடகரை, தென்கரை ஆகிய இரு கரையோரங்களிலிருந்தும் வீட்டுத் திட்டங்களைப் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. இப்போது நடப்பிலுள்ள நகராட்சித் திட்டங்கள் 2027 ஜூனில் முடிகின்றன. அடுத்த ஐந்தாண்டுக்கான எண்களை எழுதும் வேலை தொடங்கும் காலம் இது என்பதால், இந்தப் பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, ஒரு நகராட்சியின் ஐ.டி.பி. (ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம்) வரைவில் ஐந்தாண்டுக்கு இத்தனை ஆயிரம் வீடுகள் என்று ஓர் எண்ணைப் போட்டு, அதை ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு இவ்வளவு என்றும் காட்டியிருக்கிறார்கள். முந்தைய திட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. அந்த வீடுகளை நான் கண்ணால் காணவில்லை. இந்த எண்ணை நம்பி என் மகனுக்கு ஒரு மனை வாங்கலாமா? — வடகரை வாசகர்

பதில்: அன்பரே, ஒவ்வொரு நகராட்சியும் தன் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் பகுதியாக வீட்டு இலக்குகளை வகுத்தாக வேண்டும் என்று 1997 ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. நீங்கள் பார்த்தது அந்த இலக்கு. எத்தனை வீடுகள் உண்மையில் எழும்பும் என்று அறிய வேறொரு கணக்கு வேண்டும். அது ஊர் ஊராக, மனைப்பிரிவு மனைப்பிரிவாக, ஆண்டு ஆண்டாகப் போடப்பட வேண்டும். ஐந்தால் சமமாக வகுத்த எதையும் நான் கணிப்பு என்று ஏற்பதில்லை.

ஏன் என்பதை ஒரே ஒரு மனைப்பிரிவை வைத்துப் பார்ப்போம். கரும்பு வயல் ஒன்று கைமாறி, அதில் 400 மனைகள் பிரிக்கப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விளைநிலத்தைப் பிரிப்பதற்கு 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேளாண் அமைச்சரின் இசைவு பெறுவது வழக்கம். சுற்றுச்சூழல் அனுமதி தனி. 2015 ஜூலையில் நடப்புக்கு வந்த ஸ்ப்ளூமா என்ற நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் சட்டத்தின்படி நகராட்சியின் ஒப்புதல் தனி. இந்த ஒப்புதல் கிடைத்த அன்றே '400 வீடுகள் வருகின்றன' என்று பேச்சுக் கிளம்பிவிடும். அன்றைக்கு அந்த இடத்தில் நிற்பது கரும்பு மட்டுமே. அதற்குப் பிறகு நில அளவையாளர் மனைகளின் பொது வரைபடத்தைத் தயாரித்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள தலைமை நில அளவையர் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். சாலையும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மின்சாரமும் வர வேண்டும். பத்திரப் பதிவகத்தில் மனைப்பிரிவுக்கான பதிவேடு திறக்கப்பட வேண்டும். இத்தனையும் முடிந்தால்தான் முதல் மனை ஒருவர் பெயருக்கு மாறும். அவர் வங்கியில் பாண்டு (வீட்டுக் கடன்) வாங்கி, வீட்டின் பிளானைக் கொடுத்தால், 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடத்துக்கு நகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 1977 ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம். பிளான் பாஸான பிறகு 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அந்த ஒப்புதல் காலாவதியாகிவிடும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கட்டுநர் வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக, வீடு கட்டுநர்களைப் பதிவு செய்யும் தேசிய மன்றமான என்.எச்.பி.ஆர்.சி.யில் வீட்டைப் பதிவு செய்ய வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் பூஜ்யம் என்று எழுதத் துணிவதே கணிப்பவரின் முதல் கடமை. மூன்றாம் ஆண்டில் 25, நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 60 என்று வைத்தால், 400 மனைகளிலிருந்து இந்தத் திட்டக் காலத்துக்குக் கிடைப்பவை 145 வீடுகளே. மீதி 255 அடுத்த திட்டத்துக்குத் தள்ளிப்போகின்றன. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊருக்குரிய எண் அங்கே ஆண்டுக்கு எத்தனை பேர் வீடு கட்டி முடிக்கிறார்கள் என்ற பழைய பதிவிலிருந்துதான் வர வேண்டும். வடகரையின் கடலோர ஊரான பாலிட்டோவை ஒட்டிய மனைகளுக்கு டர்பனிலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் ஆள் வருகிறார்கள். 2010 மே மாதம் கிங் ஷாக்கா விமான நிலையம் திறந்தபின் அந்தக் கரைக்கு மவுசு இன்னும் ஏறியது. உள்ளே தள்ளியிருக்கும் ஆலை ஊர்களில் மனை வாங்குகிறவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். அவருடைய சம்பளம் கரும்பை நம்பியது. 2022 அக்டோபரில் டோங்காட் ஹியூலெட் என்ற சர்க்கரை நிறுவனம் கடனில் சிக்கி, சட்டப்படியான வணிக மீட்பு நடைமுறைக்குள் சென்றபோது, பாலிட்டோவுக்கும் அந்த ஊர்களுக்கும் ஒரே வேகத்தைப் போட்டிருந்த எந்தக் கணக்கும் நின்றிருக்க முடியாது. கரும்பு விவசாயி ஆலைக்கு மதிப்பீடு கொடுக்கும்போது வயல் வயலாக நடந்து பார்த்துத்தான் டன் கணக்குச் சொல்கிறார். வீட்டுக் கணக்குக்கும் அந்த நடை தேவை.

மனை விஷயத்துக்கு வருகிறேன். விற்பவரிடம் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: ஒப்புதல் பெற்ற பொது வரைபடம், பதிவேடு திறக்கப்பட்டதற்கான சான்று, தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் இணைப்புத் தரப்படும் என்ற எழுத்து உறுதி. மூன்றும் இருந்தால் உங்கள் மகன் தாராளமாக வீட்டைப் பற்றி யோசிக்கலாம். முதலாவது மட்டும் இருந்தால், பல ஆண்டுகள் பணத்தை முடக்கிவைக்க வசதியுள்ளவர்களே அதில் இறங்க வேண்டும்.

கேள்வி: பிளான் பாஸாகி, எல்லாம் முடிந்தது என்கிறார்கள். பிறகும் மனைகள் வருஷக்கணக்கில் புல் மண்டிக் கிடக்கின்றன. முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது? — தென்கரை வாசகி

பதில்: அம்மா, பெரும்பாலும் தண்ணீரில், அதைவிட அதிகமாகக் கழிவுநீரில். மனைப்பிரிவுக்கும் பிளானுக்கும் ஒப்புதல் தருவது உள்ளூர் நகராட்சி. தண்ணீர் தரும் பொறுப்போ மாவட்ட நகராட்சியிடம் இருக்கிறது. வடக்கே குவாடுகூசா, மண்டேனி, ந்த்வெத்வே, மபுமுலோ ஆகிய நான்குக்கும் இலெம்பே மாவட்டமும், தெற்கே உங்கள் பக்கத்துக்கு உகு மாவட்டமும் நீர் ஆணையங்களாக இருக்கின்றன. ஓர் அலுவலகம் மனையை எண்ணுகிறது, இன்னோர் அலுவலகம் குழாயை எண்ணுகிறது. இரண்டு எண்ணும் ஒரே மேசைக்கு வராதவரை கணிப்பு என்பது ஆசையாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையமும் ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீரைத் தாங்கும், இப்போது எவ்வளவு வந்து சேர்கிறது என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும். இடைவெளி 300 கிலோ லிட்டர், வீடு ஒன்றுக்கு 600 லிட்டர் என்று வைத்தால் 500 வீடுகளுக்கே இடம் இருக்கிறது. அந்த நிலையத்தை நம்பி 1,200 மனைகளுக்கு ஒப்புதல் தரப்பட்டிருந்தாலும் கணிப்பில் 500 தான் எழுத முடியும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வீட்டையும் விரிவாக்கம் எந்த ஆண்டில் முடியும், அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதோடு சேர்த்தே எழுத வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த வெள்ளம் பெயர்த்துப்போட்ட குழாய்களையும் சாலைகளையும் சீராக்கச் செலவான பணத்தைப் புதிய இணைப்புகளுக்கும் கிடைக்கும் என்று யாராவது இன்னும் கணக்கில் வைத்திருந்தால், அவர்கள் ஒரே ரேண்டை இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

கேள்வி: ந்த்வெத்வே பக்கம் கடை வைத்திருக்கிறேன். மலைச்சரிவுகளில் வருஷந்தோறும் புதிய வீடுகள் முளைக்கின்றன, சிமெண்டும் தகரமும் என் கடை வழியாகவே போகின்றன. ஆனால் கூட்டங்களில் "கிராமப்புறத்தில் வளர்ச்சி இல்லை" என்கிறார்கள். எது உண்மை? — ஒரு கடைக்காரர்

பதில்: உங்கள் கண்தான் உண்மை. இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். மரபுவழிச் சமூகங்களின் நிலத்தை வைத்திருக்க 1994 இல் அமைந்த இங்கோன்யாமா டிரஸ்டின் கீழ் இந்த மாகாணத்தில் ஏறக்குறைய 28 லட்சம் ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அங்கே ஒரு குடும்பம் இந்துனா (ஊர்த் தலைவர்) வழியாக இன்கோசியிடம் (மரபுவழித் தலைவர்) இடம் கேட்டுப் பெறுகிறது. தனி உரிமைப் பத்திரம் இல்லாததால் வங்கி பாண்டு தருவதில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கல் வாங்கி அடுக்கி, சுவர் எழுப்பி, இன்னொரு வருஷம் கூரை போட்டு வீட்டை முடிக்கிறார்கள். டர்பனில் வேலை பார்ப்பவர்கள் டிசம்பர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது வேலை வேகம் பிடிக்கிறது. உங்கள் விற்பனைச் சீட்டுகளிலேயே அது தெரிந்திருக்கும். பிளான் பாஸ் செய்யும் வழக்கம் அங்கே அதிகமில்லை. புள்ளியியல் துறை மாதாமாதம் வெளியிடும் கட்டடக் கணக்கோ, நகராட்சிகள் அனுப்பும் பிளான் பதிவுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே அந்த மலையில் எழும்பும் வீடு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏட்டில் இல்லாததைப் பார்த்து 'வளர்ச்சி இல்லை' என்பது அந்தக் குடும்பங்களின் உழைப்புக்குச் செய்யும் அநீதி. அதன் விளைவாகத் தண்ணீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் அவர்களைத் தாண்டிப் போய்விடுகின்றன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மட்டும் வைத்து இதைச் சரிசெய்துவிட முடியாது. 2022 கணக்கெடுப்பில் 31 விழுக்காட்டினர் விடுபட்டதாகப் பின்னாய்வு காட்டியது. அதை ஈடுகட்டித்தான் எண்களை வெளியிட்டார்கள். நாட்டு அளவில் அது பயன்படும், ஒரு சிறு கிராமத்துக்கு அதை 2011 எண்ணோடு கழித்துப் பார்ப்பது ஆபத்து. வான்படங்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும். செயற்கைக்கோள் படங்களிலிருந்து அரசு மின் நிறுவனமான எஸ்காம் கட்டடங்களை எண்ணிவைத்த பதிவும் உண்டு. புதிய மின் இணைப்புகளின் பட்டியலும் உதவும். ஆனால் சில கிராமங்களிலாவது நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். அடித்தளம் தோண்டியதும் லிண்டல் மட்டத்தில் நிற்கும் சுவரும் வீடாகா. தகரக் கூரை ஏறி, சன்னலுக்குக் கண்ணாடி வந்து, மின் மீட்டர் மாட்டியிருந்தால் வீடு என்று எழுதலாம். அதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு: பழைய மண் வீட்டை விட்டு அதே குடும்பம் புது வீட்டுக்கு மாறியதா, அல்லது மகன் தனிக்குடித்தனம் வந்தானா? முன்னதில் வீடுகளின் எண்ணிக்கை கூடவில்லை, பின்னதில் கூடியது. அரசு மானியத்தில் அதே முற்றத்தில் கட்டித் தரும் 40 சதுர மீட்டர் வீட்டுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

கேள்வி: வீடு கேட்டுப் பதிந்தவர்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. அதை வைத்தே எத்தனை வீடு வரும் என்று சொல்ல முடியாதா? — மண்டேனி வாசகர்

பதில்: முடியாது. அந்தப் பட்டியல் தேவையைக் காட்டுகிறது. மாத வருமானம் 3,500 ரேண்டுக்குள் உள்ள குடும்பங்களுக்கான மானிய வீடுகள் ஒதுக்கப்பட்ட பணத்தின் அளவுக்கே வரும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்கிறேன். 2020 முதல் அரசு முழு வீட்டைவிடக் குழாயும் சாலையும் போட்ட மனையைக் கொடுப்பதில் அதிக நாட்டம் காட்டுகிறது. மனையையும் வீட்டையும் ஒரே பத்தியில் கூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாகாண அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, நகராட்சியின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. இரண்டையும் அப்படியே சேர்த்தால் சில வீடுகள் இரு முறை எண்ணப்படும்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஒரு கிராமப்புற மாவட்டத்தின் திட்டப் பிரிவில் இருக்கிறாள். அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் ஆண்டுவாரியாக வீட்டு எண்ணிக்கை வெளியிடுகிறார்களாம். இங்கே ஏன் முடியாது? — போர்ட் ஷெப்ஸ்டன் வாசகர்

பதில்: நகரங்களைப் பொறுத்தவரை இங்கேயும் முடியும், செய்யவும் வேண்டும். அங்குள்ள தேசியத் திட்டக் கொள்கையின்படி, முழு அனுமதி பெற்ற இடத்தை ஐந்தாண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். முதல்நிலை அனுமதி மட்டும் பெற்ற பெரிய இடத்தைச் சேர்க்க வேண்டுமானால், ஐந்தாண்டுக்குள் அங்கே வீடுகள் முடியத் தொடங்கும் என்பதற்குத் தெளிவான சான்று காட்ட வேண்டும். 2018 முதல், கடந்த மூன்று ஆண்டுகளில் வேண்டியிருந்த வீடுகள் எத்தனை, உண்மையில் வந்தவை எத்தனை என்றும் ஒப்பிட்டு வெளியிடுகிறார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஒப்பீட்டைத்தான். சென்ற முறை என்ன கணித்தோம், என்ன நடந்தது என்று அருகருகே இரண்டு பத்தி அச்சிடாத நகராட்சி, புதிய எண்ணை மக்கள் நம்ப வேண்டும் என்று கேட்பது முறையாகாது. கிராமங்களுக்கு மட்டும் அவர்கள் வழி நமக்குப் போதாது. அங்கே மூலையில் எழும்பும் ஒற்றை வீட்டுக்கும் அனுமதிப் பதிவு இருக்கிறது, நம் மலைகளில் இல்லை.

கேள்வி: மகனுக்குக் கல்யாணமாகி, வீட்டின் பின்னால் அவுட்பில்டிங் ஒன்று கட்டினோம். அதுவும் கணக்கில் வருமா? — ஸ்டாங்கர் வாசகி

பதில்: பிளான் பாஸாகி, தனிச் சமையலறையும் குளியலறையும் இருந்து, மகனும் மருமகளும் தனியாகக் குடித்தனம் நடத்தினால், அது ஒரு புதிய வீடு, கணிப்பில் அதற்கு இடம் உண்டு. நம் சமூகம் வாழும் பழைய தெருக்களில் புதிய மனைப்பிரிவுகளைவிட இவையே சத்தமில்லாமல் அதிகக் குடும்பங்களைத் தாங்குகின்றன என்பது என் எண்ணம். கடந்த சில ஆண்டுகளில் ஒரு தெருவில் சராசரியாக எத்தனை அவுட்பில்டிங் முடிந்தது என்று பார்த்து, அதை வருங்காலத்துக்கு நீட்டினால் போதும். மரப்பலகை வெண்டி வீட்டைத் தனியாகக் குறிக்க வேண்டும். அதில் இருப்பவர்கள் இன்னும் வீடு தேடுகிறவர்கள்.

நகராட்சிகள் ஐ.டி.பி. வரைவை மார்ச் முடிவுக்குள் மன்றத்தில் வைக்கின்றன. மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் தெருவின் கணக்கை எழுதி அந்த நாட்களுக்குள் வார்டு கமிட்டியிடம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.