கிரேக்கக் கோயில் வடிவில் ஓர் இறுதிச் சடங்கு ஆலயம்

கேள்வி: லண்டனில் உள்ள கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தின் இறுதிச் சடங்கு ஆலயத்தைப் படத்தில் பார்த்தேன். கோபுரமோ கூரிய வளைவுகளோ இல்லை. கிரேக்கக் கோயிலைப் போலவே இருக்கிறது. கிறிஸ்தவ ஆலயத்துக்கு இந்த வடிவம் எப்படி வந்தது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போட்டியில் வென்ற கோதிக் வரைபடத்தை, அதாவது நீங்கள் சொல்லும் கூரிய வளைவுகள் கொண்ட பாணியை, ஒதுக்கிவிட்டுக் கட்டப்பட்ட ஆலயம் அது. 1830களின் தொடக்கத்தில் லண்டனின் தேவாலய முற்றங்களில் இடமே இல்லை. பழைய குழிகளைத் தோண்டித் தோண்டி மீண்டும் அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த நிலையில்தான் 1831-32இல் காலராவும் நகரைத் தாக்கியது. பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தைக் கண்டு வியந்திருந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் கார்டன் என்ற வழக்கறிஞர், லண்டனுக்கும் அப்படி ஒரு தோட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். அதன் பயனாக 1832இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே ஒரு பங்கு நிறுவனம் அமைந்தது. 1833 ஜனவரி 24 அன்று லண்டன் பேராயர் புளோம்ஃபீல்டு அந்த நிலத்தைப் பிரதிஷ்டை செய்தார்.

நிறுவனம் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் ஹென்றி எட்வர்ட் கெண்டலின் கோதிக் வரைபடம் முதல் பரிசு பெற்றது. கார்டனின் விருப்பமும் அதுவே. ஆனால் நிறுவனத்தின் தலைவராக இருந்த வங்கியாளர் சர் ஜான் டீன் பால் கிரேக்கப் பாணியையே விரும்பினார். இந்த இழுபறியில் கார்டன் தாம் தொடங்கிவைத்த முயற்சியிலிருந்தே ஓரங்கட்டப்பட்டார். கட்டடப் பொறுப்பு ஜான் கிரிஃபித் என்ற கட்டடக் கலைஞரிடம் சென்றது. டோரிக் என்ற எளிய கிரேக்கப் பாணியில் அமைந்த தடித்த தூண்கள் தாங்கும் முக்கோண முகப்பும், இருபுறமும் விரிந்து நீளும் தூண் வரிசைகளும் கொண்டு 1830களின் இறுதிக்குள் அவர் கட்டி முடித்ததே நீங்கள் படத்தில் பார்த்த ஆலயம்.

அக்கால லண்டன்வாசிகளுக்கு இந்த வடிவம் அந்நியமாகத் தோன்றியிருக்காது. 1822இல் நிறைவடைந்த செயின்ட் பாங்க்ரஸ் புதிய தேவாலயத்தில், ஏதென்ஸின் எரெக்தியம் கோயிலைப் பின்பற்றி, பெண்ணுருவத் தூண்கள் நிலவறைக் கல்லறையின் வாசலுக்கு மேலேயே அணைந்த தீவட்டிகளை ஏந்தி நிற்கின்றன. மரணத்துக்கு உரிய அமைதியும் கனமும் கிரேக்க வடிவத்தில் உண்டு என்று அந்தத் தலைமுறை உண்மையாகவே நம்பியது. டோரிக் தூண்களின் கனத்தைப் பார்க்கும்போது எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆயினும் அந்த ரசனை நீடிக்கவில்லை. 1852ஆம் ஆண்டின் அடக்கச் சட்டத்துக்குப் பின் இங்கிலாந்தின் நகரங்கள் பொதுக் கல்லறைத் தோட்டங்களை அமைத்தபோது, அவற்றின் ஆலயங்கள் பெரும்பாலும் கோதிக் பாணியிலேயே எழுந்தன. கென்சல் கிரீனில் தோற்ற பாணி மற்ற ஊர்களில் எல்லாம் வென்றது.

கேள்வி: அந்த ஆலயத்தின் தரை வழியாகவே சவப்பெட்டியைக் கீழே இறக்குவார்கள் என்பது உண்மையா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்மைதான். அந்தக் கட்டடத்தில் நான் மிகவும் மதிப்பதும் இதைத்தான். ஆலயத்தின் அடியில் ஏறத்தாழ 4,000 சவப்பெட்டிகளுக்கு இடமுள்ள நிலவறை ஒன்று இருக்கிறது. மேலே ஜெபம் முடிந்ததும், பெட்டி வைக்கப்பட்ட மேடையே நீரழுத்த விசையால் மெல்லத் தரைக்குள் இறங்கும். கீழே ஈயத் தகடு பொதிந்த பெட்டிகள் சுவர் மாடங்களில் வைக்கப்படும். இறங்கும் அந்த மேடையைச் செய்தளித்தது பிராமா அண்டு ராபின்சன் நிறுவனம். 1795இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஜோசப் பிராமாவின் பெயரைத் தாங்கிய நிறுவனம் அது. துக்கத்தில் நிற்பவர்களின் கண்முன்னே ஆட்கள் கயிறு பிடித்துத் தடுமாறாமல், பிரிவு ஒரே சீரான அசைவில் நிகழவேண்டும் என்று எண்ணித் தொழில்நுட்பத்தை அதற்குப் பயன்படுத்தியவர்களின் அக்கறை என்னை நெகிழவைக்கிறது. நெடுங்காலம் இயங்காமல் கிடந்த அந்த மேடையை, கல்லறைத் தோட்டத்தின் நண்பர்கள் குழுவினர் 1997இல் மீண்டும் இயங்கச் செய்தனர்.

கேள்வி: எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஒரே ஆலயம்தானா? இந்தியர் எவரேனும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்களா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவர்களுக்கு, பிரதிஷ்டை செய்யப்படாத கிழக்குப் பகுதியில் தனி ஆலயம் உண்டு. முதன்மை ஆலயத்துக்கு டோரிக். இதற்கு அயோனிக் என்ற மற்றொரு கிரேக்கப் பாணியின் மெல்லிய தூண்கள். இதையும் கிரிஃபித்தே வடிவமைத்தார், இதன் அடியிலும் நிலவறை இருக்கிறது. சிதைந்துபோயிருந்த இந்தச் சிறிய ஆலயத்தை 1990களில் வரலாற்று ஆலயங்களுக்கான அறக்கட்டளை ஒன்று செப்பனிட்டது. கென்சல் கிரீனுக்குச் செல்பவர்கள் பெரிய ஆலயத்தோடு திரும்பிவிடாமல் இதையும் பார்த்து வரவேண்டும்.

இரவீந்திரநாத் தாகூரின் பாட்டனாரான துவாரகநாத் தாகூர் 1846இல் லண்டனில் காலமாகி, இதே தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் விக்டோரியா அரசியின் சிற்றப்பாவான சசெக்ஸ் கோமகன், அரச குடும்பத்தின் வின்சர் கல்லறையைத் தவிர்த்து இங்கே அடக்கமானார். அவருடைய கருங்கல் கல்லறை டோரிக் ஆலயத்தின் எதிரிலேயே இருக்கிறது.