ஜாஸ் கேட்க ஆறு ஆவர்த்தனம் எண்ணத் தெரிந்தால் போதும்

கேள்வி: எனக்கு வீணையில் வர்ணம் வரை பழக்கம் உண்டு. மகள் இரண்டு வருடமாகக் கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள். “கொஞ்சம் ஜாஸ் கேட்கட்டும், கை இளகும்” என்றார் அவளுடைய ஆசிரியர். இணையத்தில் தேடி, எல்லாரும் புகழ்கிற 1960களின் ஆல்பம் ஒன்றைப் போட்டோம். பத்து நிமிடத்தில் இருவருக்கும் தலைவலி. ஆளாளுக்கு ஒன்றை வாசிக்கிறார்கள். பாட்டு எங்கே, தாளம் எங்கே? எங்கிருந்துதான் ஆரம்பிப்பது?

பதில்: அந்த ஆல்பத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள், கெட்டுப்போகாது. 1920களின் இசைத்தட்டுகளில் ஆரம்பியுங்கள். பழையது என்பதற்காகச் சொல்லவில்லை. அப்போதைய தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். யாராலும் வளர்த்திக்கொண்டு போக முடியாது. எல்லாம் குட்டிக் குட்டியாக, எண்ணிப் பார்க்கிற அளவில் இருக்கும்.

எண்ணுவதுதான் முதல் வேலை. உங்கள் தலைவலிக்குக் காரணம் சத்தம் இல்லை என்று நினைக்கிறேன். நம் காது தம்பூரா ஓரிடத்தில் நிற்கும் என்று நம்பிப் பழகியது. ஜாஸில் அந்தத் தரையே நகரும். ஆனால் சொல்லிவைத்தாற்போல ஒரே கணக்கில் நகரும். அந்தக் கணக்கு பிடிபட்டால், மேலே நடப்பது ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பிக்கும்.

கணக்கு இதுதான். ப்ளூஸ் என்ற வடிவத்தில் ஒரு சுற்று 12 பார். பாருக்கு நான்கு பீட், மொத்தம் 48. நீங்கள் ஆதி தாளம் போட்டால், எட்டு எண்ணிக்கைக்கு ஒரு ஆவர்த்தனமாக, சரியாக ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனமும் தரை ஷட்ஜத்தில் நிற்கும். மூன்றாவதில் மத்யமத்துக்குப் போகும், நான்காவதில் வீடு திரும்பும். ஐந்தாவதில் பஞ்சமம், ஆறாவதில் மறுபடி ஷட்ஜம். ஸ ஸ, ம ஸ, ப ஸ: அவ்வளவே. மகளிடம் கேளுங்கள், சி, எஃப், ஜி என்று மூன்று கார்டில் (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கொத்து) வாசித்துக் காட்டுவாள். சில பாட்டில் இடையே சின்னச் சின்னத் திருப்பங்கள் வரும், ஆனால் எலும்புக்கூடு மாறாது. ஒரு சுற்று முடிந்தால் நிற்காமல் அடுத்த சுற்று. ஆளுக்கு ஒன்றோ இரண்டோ சுற்று எடுத்து, அந்தத் தரைமேல் கற்பனையில் வாசிப்பார்கள். கல்பனாஸ்வரம் கேட்டவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதல் பாடம், பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. டபிள்யூ.சி. ஹேண்டி 1914இல் வெளியிட்ட பாட்டு. இந்தப் பதிவில் மூன்றே பேர்: பெஸ்ஸியின் குரல், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (ட்ரம்பெட்டின் குட்டையான உறவு), அப்புறம் ஒரு ஆர்மோனியம். ஆமாம், காற்றுத் துருத்தி வைத்த அதே குடும்பத்துப் பெட்டி. அதனாலேயே நம் காதுக்கு இந்தப் பதிவு அந்நியமாகப் படாது. வேகம் மிகக் குறைவு, ஒரு சுற்று ஏறக்குறைய முக்கால் நிமிடம். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஆவர்த்தனம். வரியைப் பாடிவிட்டு அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் கார்னெட் பதில் சொல்லும். பக்கவாத்தியம் என்று நினைத்துக் கேட்காதீர்கள், வாக்குவாதம் மாதிரி கேளுங்கள். முதல் இரண்டு சுற்று முடிந்ததும் 16 பாரில் ஒரு பகுதி வரும். அங்கே கணக்கு தவறினால் நீங்கள் தவறவில்லை, பாட்டே அப்படி.

இதிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். பெஸ்ஸி காந்தாரத்தைத் தொடும்போது அது கீழ்ப்படியான சாதாரண காந்தாரமும் இல்லை, மேல்படியான அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே வழுக்கும். நிஷாதத்திலும் அப்படியே. இதைத்தான் ப்ளூ நோட் என்கிறார்கள். கீபோர்டில் அந்த ஸ்வரத்துக்குக் கட்டையே கிடையாது. பியானோக்காரர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டையும் உரசினாற்போல அடித்துச் சமாளிப்பார்கள். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, தந்தியை இழுத்தால் வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் வீணைக்காரர் பியானோக்காரரைவிட ஒரு படி முன்னே.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்பது கேட்பதற்கும் உதவும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் நியூ ஆர்லியன்ஸ், மிசிசிப்பி ஆற்றங்கரைத் துறைமுகம். பிரெஞ்சுக்காரர்கள் 1718இல் நிறுவியது, ஸ்பெயின் கைக்குப் போய்த் திரும்பி 1803இல் அமெரிக்காவிடம் வந்தது. அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ சதுக்கம் என்ற திடலில் கூடிக் கொட்டி ஆடினார்கள். இன்னொரு பக்கம் கிரியோல் என்ற கலப்பினக் குடும்பங்கள்: ஐரோப்பிய சங்கீதத்தை முறையாகப் படித்து, நோட்டைப் பார்த்து வாசிக்கிறவர்கள். இந்த இரண்டு கூட்டமும் வெகுகாலம் தனித்தனியாகவே இருந்தன. அடிமைமுறை ஒழிந்த பிறகு நிறப்பிரிவினைச் சட்டங்கள் வந்தன. அதே ஊர்க் கிரியோலான ஹோமர் ப்ளெஸ்ஸி வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் உட்கார்ந்ததற்காகக் கைதாகி வழக்காடினார். 1896இல் உச்ச நீதிமன்றம் பிரிவினை செல்லும் என்று தீர்ப்பளித்தது. கிரியோலும் சட்டத்தின் கண்ணில் கறுப்பர்தான் என்றானது. படித்து வாசித்தவர்களும் காதால் வாசித்தவர்களும் ஒரே பிழைப்புக்கு ஒரே குழுவில் நிற்கவேண்டி வந்தது. ஜாஸில் கிளாரினெட் சுத்தமாக ஓட, கார்னெட் கரகரவென்று பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தீர்ப்புதான் ஞாபகத்துக்கு வரும்.

சாவு ஊர்வலத்துக்கு அங்கே பித்தளை வாத்தியக் குழு போகும். கல்லறைக்குப் போகும்போது மெதுவான தேவகீதம், திரும்பும்போது ஆட்டம் போட வைக்கிற வாசிப்பு. நம் ஊரில் பறையடித்து ஆடியே வழியனுப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்தத் தெருக்களின் முதல் பெரிய பெயர் பட்டி போல்டன், கார்னெட்காரர். 1907இல் மனநோய் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு விநாடிகூட இன்று நம்மிடம் இல்லை. முதல் ஜாஸ் தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளையர் குழு. கறுப்பர் தெருவில் வளர்ந்த இசையின் முதல் அச்சில் கறுப்பர் யாருமே இல்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

சரி, இரண்டாம் பாடம். கிங் ஆலிவரின் குழு 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில் பதிவு செய்த ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’. மைக் இல்லாத காலம். எல்லாரும் ஒரு பெரிய தகரக் குழலுக்கு முன்னே நின்று வாசிக்கவேண்டும். இளைஞரான ஆம்ஸ்ட்ராங்கின் சத்தம் மற்றவர்களை விழுங்கியதால் அவரைத் தள்ளிப் பின்னால் நிறுத்தினார்களாம். ஆகவே ஒலி கொஞ்சம் தகரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது வேகமான உருப்படி, ஒரு சுற்று ஏறத்தாழ கால் நிமிடம். சின்ன முன்னுரை முடிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். முதல் இரண்டு சுற்று எல்லாரும் சேர்ந்து. உங்களுக்குச் சந்தைக்கடையாகப் பட்டது இந்த மாதிரி இடம்தான். அதில் மூன்று வேலை நடக்கிறது: கார்னெட் பாட்டைப் பிடித்துக்கொண்டு போகும், கிளாரினெட் மேலே கொடிபோலச் சுற்றும், ட்ராம்போன் (குழாயை நீட்டி மடக்கி வாசிக்கும் பித்தளை வாத்தியம்) கீழே இழுத்து இழுத்து ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் பாலம் போடும். முதல் முறை கார்னெட்டை மட்டும் கேளுங்கள், அடுத்த முறை கிளாரினெட்டை மட்டும். பிறகு கிளாரினெட் தனியாக இரண்டு சுற்று. அப்போது மற்றவர்கள் விட்டுவிட்டு அடித்து இடம் கொடுப்பார்கள். மறுபடி எல்லாரும் ஒரு சுற்று. அதற்கப்புறம் ஆலிவரின் கார்னெட் மூன்று சுற்று, வாத்தியத்தின் வாயை மூடி மூடித் திறந்து, குழந்தை அழுவதுபோல. அந்த மூன்று சுற்றையும் பின்னால் வந்தவர்கள் பலர் மனப்பாடம் செய்து வாசித்தார்கள். அவருடைய மூன்றாவது சுற்று முடியும் தறுவாயில் எல்லாரும் நிற்க, ஒருவர் உற்சாகத்தில் ஒரு கூச்சல் போடுவார். உங்கள் ஆறாவது ஆவர்த்தனம் அந்தக் கூச்சலில் முடிந்தால் எண்ணிக்கை சரி.

கை இளகுவது பற்றி ஆசிரியர் சொன்னது ஸ்விங் என்ற நடையை என்று ஊகிக்கிறேன். ஒரு பீட்டை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதியும் சமமாக இருக்காது. முதல் பாதி நீளும், அடுத்தது சுருங்கும். ஒரு பீட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் முதல் இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் பிடித்து மூன்றாவதைத் தட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். வேகம் கூடக்கூட வித்தியாசம் குறையும். இதை நோட்டில் எழுதிக் கற்க முடியாது, கேட்டுத்தான் வரவேண்டும்.

மூன்றாவது, ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூனில் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’. பாட்டு அவருடைய குரு ஆலிவருடையது. தொடக்கத்தில் தாளமே இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் பன்னிரண்டு விநாடி போல வரும். அங்கே கையைச் சும்மா வைத்திருங்கள். குழு சேர்ந்ததும் ஐந்து சுற்று: ட்ரம்பெட், ட்ராம்போன், கிளாரினெட்டும் ஆம்ஸ்ட்ராங்கின் வார்த்தையில்லாக் குரலும், எர்ல் ஹைன்ஸின் பியானோ, கடைசியில் மறுபடி ட்ரம்பெட். அந்தக் கடைசிச் சுற்றில் ஒரே ஸ்வரத்தைக் கிட்டத்தட்ட இரண்டு ஆவர்த்தனம் பிடித்து நிற்பார். தரை நகரும் முன் அவர் நகரமாட்டார்.

இந்த மூன்றையும் ஒரு வாரம் கேட்டபிறகு வீட்டிலேயே செய்து பாருங்கள். உங்கள் வீணை இரண்டு கட்டை சுருதியென்றால் மகள் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தடவை ஏற்றிவிட்டு, இடது கையில் அந்த மூன்று கார்டை மட்டும் ஆறு ஆவர்த்தனத்துக்குச் சுற்றட்டும். நீங்கள் ஸ, ம, ப மூன்றையும், நடுவில் இழுத்த ஒரு காந்தாரத்தையும் வைத்து வாசியுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் ஆவர்த்தனம் உங்களுக்கு, அடுத்ததில் அவளுடைய வலது கை பதில் சொல்லவேண்டும். மூன்றாவது சுற்றில் நீங்கள் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போவீர்கள், அவள் சண்டைக்கு வருவாள். வரட்டும், விட்டுக்கொடுங்கள்.