ஊர்ச் சுற்றுலாத் திட்டமா? தண்ணீர் லாரி பில்லிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். எங்கள் ஊரில் இப்படிப் பத்து வீடுகள் இருக்கின்றன. போன சீசனில் தண்ணீருக்கும் குப்பைக்கும் ஊருக்குள் சண்டையே வந்துவிட்டது. "ஊருக்கென்று ஒரு சுற்றுலாத் திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள் பெரியவர்கள். விசாரித்தால் ஒருவர் நீடித்த சுற்றுலா என்கிறார், இன்னொருவர் பொறுப்புச் சுற்றுலா என்கிறார். இரண்டும் ஒன்றா? எங்கிருந்து ஆரம்பிப்பது? ஏதாவது சான்றிதழ் வாங்கினால் போதுமா?

பதில்: பெயர்க் குழப்பத்தை முதலில் முடித்துவிடுவோம். "எங்கள் ஊர் ஊற்று வற்றக் கூடாது" என்று எழுதினால் அது நீடித்த சுற்றுலா. "சீசனில் எந்த வீடும் வாரத்துக்கு ஒரு லாரிக்கு மேல் தண்ணீர் வாங்காது, கணக்கை இன்னார் பார்ப்பார்" என்று எழுதினால் அது பொறுப்புச் சுற்றுலா. முன்னது நாம் ஆசைப்படும் நிலைமை. பின்னது அதற்காக யார் என்ன செய்வது என்கிற பட்டியல், ஆள் பெயரோடு. நான் படித்த திட்ட அறிக்கைகளில் பெரும்பாலானவை முதல் வகை வாக்கியங்களால் நிரம்பியவை. படிக்க நன்றாக இருக்கும். மீறினால் யாரைப் பிடித்துக் கேட்பது என்றுதான் தெரியாது.

பொறுப்புச் சுற்றுலாவுக்கு ஒரு இலக்கணம் 2002-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கூடியவர்கள் எழுதியது. மக்கள் வாழ்வதற்கு நல்ல இடமாகவும், பிறகு மற்றவர்கள் வந்து பார்ப்பதற்கு நல்ல இடமாகவும் ஊரை ஆக்குவது என்பது அதன் சாரம். அந்த வரிசையைக் கவனியுங்கள். வாழ்கிறவர் முதலில், வருகிறவர் அப்புறம். உங்கள் ஊரில் சண்டை வந்ததே இந்த வரிசை புரண்டதால்தான்.

சரி, ஆரம்பம். நான் தண்ணீரில்தான் ஆரம்பிப்பேன். பத்து வீடு, வீட்டுக்கு நாலு அறை, அறைக்கு இரண்டு பேர்: எல்லாம் நிரம்பினால் ஒரு இரவுக்கு 80 பேர். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். சாதாரண ஹோட்டலுக்குக் கட்டடப் பொறியாளர்கள் வைக்கும் கணக்கோ ஒரு படுக்கைக்கு 180 லிட்டர். அந்தக் கணக்கில் 80 விருந்தினர்களுக்கு 14,400 லிட்டர், அதாவது ஊர்க்காரர்கள் 260 பேருக்கு மேல் புழங்கும் தண்ணீர். குளிருக்குப் பயந்து குளிக்காமலே போகிற விருந்தாளிகளும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர்வையும் விரிப்பும் எப்படியும் துவைத்தாக வேண்டும். அதுவும் ஏப்ரல், மே மாதங்களில், ஊற்றில் தண்ணீர் குறைகிற நேரத்தில்தான் உங்கள் அறைகள் நிரம்புகின்றன.

உங்கள் பகுதிக்கு லாங்வுட் சோலை எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோத்தகிரியை ஒட்டிய அந்த 116 ஹெக்டேர் காடு சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருகிறது. 2024 ஜனவரியில் அதற்கு ராம்சார் தகுதியும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரமும், கிடைத்தது. இனி அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருவார்கள். தண்ணீர் தரும் காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றும் நிலைமை வந்தால் அது கொஞ்சம் வெட்கக்கேடு.

ஆகவே திட்டத்தின் முதல் பக்கத்தில் படமோ முழக்கமோ வேண்டாம், ஓர் எண் இருக்கட்டும். உங்கள் ஊர், தன் ஆட்களுக்குக் குறை வைக்காமல், மே மாதத்தில் ஒரு இரவுக்கு எத்தனை விருந்தினரைத் தாங்கும்? அது 80 ஆக இருக்கலாம், 45 ஆகவும் இருக்கலாம். 45 என்று வந்தால், பத்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து சீசனில் வீட்டுக்கு இரண்டு அறை மட்டும் திறப்பது என்று முடிவு செய்யுங்கள். வருமானம் குறையுமே என்பீர்கள். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அறை குறைந்தால் வாடகையைக் கொஞ்சம் ஏற்றலாம். ஒரு வீடு மட்டும் குறைத்தால்தான் நஷ்டம். பொறுப்பைத் தனித்தனியாகச் சுமக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். கூடவே மழைநீர்த் தொட்டி கட்டுங்கள். குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்புங்கள். செப்டிக் டேங்க் ஊற்றுக்கு மேட்டில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சரிவில் கட்டிய வீடுகளில் பலர் கவனிக்காமல் விடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

அடுத்தது சமையலறை. இங்கே கேரளத்துக் குமரகத்தின் கதை உதவும். வேம்பநாட்டுக் காயல் ஓரம் பெரிய ரிசார்ட்டுகள் வந்த ஊர் அது. காய்கறி வெளியிலிருந்து வந்தது, லாபம் வெளியே போனது, ஊர்க்காரர்களுக்குக் கடுப்பு. கேரள அரசு 2008-இல் பொறுப்புச் சுற்றுலாவை முதன்முதலாகச் செய்து பார்த்த நாலு இடங்களில் குமரகமும் ஒன்று. மற்றவை கோவளம், தேக்கடி, வயநாடு. கேரள அரசின் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து பயிர் செய்தார்கள், ஹோட்டல்கள் அவர்களிடம் வாங்க ஒப்புக்கொண்டன. எழுத ஒரே வரிதான். நடத்தியபோது ஹோட்டலுக்கு வேண்டிய நாளில் வேண்டிய அளவு சரக்கு கிடைப்பது ஆரம்பத்தில் பெரும்பாடாக இருந்தது. விலையை முன்கூட்டிப் பேசி முடிக்க ஒரு குழு, தரம் பார்க்க ஒரு குழு என்று வைத்துத்தான் அதைச் சரிக்கட்டினார்கள். 2014-இல் அந்த முயற்சிக்கு ஐ.நா. சுற்றுலா அமைப்பின் விருது கிடைத்தது. எனக்கு விருதைவிட அந்த விலைக்குழுதான் பெரிதாகத் தெரிகிறது. "உள்ளூரில் வாங்குங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். கேரட் கிலோ என்ன விலை என்று யார் முடிவு செய்வது என்பதில்தான் எல்லாம் நிற்கும் அல்லது விழும்.

உங்கள் மலைக்காய்கறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. ஹோம்ஸ்டேக்காரர் டவுன் கடையில் காய் வாங்கிக்கொண்டு மேலே வருகிறார். அந்தப் பையில் பக்கத்துத் தோட்டத்து பீட்ரூட்டே இருந்தாலும் ஆச்சரியமில்லை. பத்து வீட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பியுங்கள். வாரத்துக்கு என்ன காய், எத்தனை கிலோ என்று ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிடுங்கள். மண்டி விலையைவிட இரண்டு மூன்று ரூபாய் கூட, கடை விலையைவிடக் குறைவு என்று விலை பேசுங்கள். ஒரு கொள்முதல் நோட்டு வையுங்கள்: நூறு ரூபாய் செலவில் எத்தனை ரூபாய் ஊருக்குள்ளேயே நின்றது? மூன்று மாதம் எழுதிப் பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும். சாப்பாட்டிலும் அப்படியே. பரோட்டாவும் சில்லி சிக்கனும் அவர்கள் ஊரிலேயே கிடைக்கும். அவரைக்காய் உதக்கமும் ராகிக் களியும் உங்கள் வீட்டில்தான் கிடைக்கும்.

குப்பைக்கு வருவோம். நீலகிரி பிளாஸ்டிக்கைத் தடை செய்தது 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே. தமிழகம் முழுக்கத் தடை வந்தது 2019-இல்தான். சட்டம் இருக்கிறது, ஆனாலும் கார் டிக்கியில் எல்லாம் வருகிறது. உங்கள் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது: டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தருகிறார்களே, அது 2022-இல் நீலகிரியில்தான் தொடங்கியது. அறிவுரைக்கு அசையாதவர்கள் பத்து ரூபாய்க்கு அசைகிறார்கள். நீங்களும் அறைக்கு 200 ரூபாய் முன்பணம் வாங்குங்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப் போகிறவருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை மட்டும் இரவில் வெளியே வைக்கவே வைக்காதீர்கள். கரடியை ஊருக்குள் அழைக்க அதைவிட நல்ல வழி இல்லை. பிறகு வனத்துறையைத் திட்டிப் பயனில்லை.

வாகன விஷயம் உங்கள் கையில் பாதிதான். சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளியூர் வண்டிகள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இதை ஒரு தொல்லையாகப் பார்க்காமல் வியாபாரமாகப் பாருங்களேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குங்கள், கோத்தகிரியிலிருந்து எங்கள் ஊர் ஜீப் வந்து அழைத்துக்கொள்ளும் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். ஊர்ப் பையன்களுக்கு வேலை, உங்கள் குறுகலான சந்தில் நாலு கார் குறைவு.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வெளியூர்க்காரர் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு வாட்ச்மேனைப் போட்டு, அதற்கும் ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டுவது உங்கள் பக்கமும் நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே விதிப்படி வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. இந்த வரையறையைத் திட்டத்தில் எழுதி, சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு அதையே அளவுகோலாக வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் அலறுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் இல்லாத வீட்டில்தான்.

ஹெத்தையம்மன் பண்டிகை, சாவு வீடு, கோயில் இவற்றில் எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லட்டும், நீங்களோ நானோ அல்ல. இதை அறைக் கதவில் நாலு வரியில் ஒட்டினால் போதும்.

இதற்கெல்லாம் பணம்? அறைக்கு ஒரு இரவுக்கு 50 ரூபாய் எடுத்து வையுங்கள். நாற்பது அறை, வருஷத்தில் நூறு இரவு நிரம்பினால் 2 லட்சம் ரூபாய். இது வரி இல்லை, உங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சந்தா. அதனால் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, அதில் ஒருவர் ஹோம்ஸ்டே நடத்தாத ஊர்க்காரர். அந்த இரண்டாவது கையெழுத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சுற்றுலாவால் காசு பார்க்காத வீடுகளும் குழாயடியில் காத்திருக்கின்றன. கணக்கு அவர்கள் கண்ணில் படாவிட்டால் அடுத்த சீசனிலும் இதே சண்டைதான்.

கடைசியாகச் சான்றிதழ். சுற்றுலா அமைச்சகம் 2014-இலேயே நீடித்த சுற்றுலாவுக்கான அளவுகோல்களை வெளியிட்டிருக்கிறது. தனியார் முத்திரைகளும் இருக்கின்றன. இப்போது எதற்கும் பணம் கட்ட வேண்டாம். அவர்கள் கேட்பது தண்ணீர்க் கணக்கு, குப்பைக் கணக்கு, கொள்முதல் கணக்கு போன்றவைதான். இரண்டு சீசன் நோட்டு கையில் இருந்தால் படிவம் நிரப்புவது ஒரு நாள் வேலை. நோட்டு இல்லாமல் வாங்கும் சான்றிதழ் வரவேற்பறைச் சுவருக்குத்தான் உபயோகம்.

மார்ச் 22, உலக நீர் நாளன்று கிராம சபை கூடும். சீசனுக்குச் சரியாக முந்தைய கூட்டம் அது. அங்கே உங்கள் எண்ணை முன்வையுங்கள். போகும்போது போன வருஷத்துத் தண்ணீர் லாரி பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைத்துவிட்டீர்கள் என்றால் லாரிக்காரரையே கேளுங்கள், அவர் கட்டாயம் எழுதி வைத்திருப்பார்.