குளோனிங் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், அழியும் விலங்குகளைக் குளோனிங் மூலம், அதாவது ஒரு விலங்கின் செல்லிலிருந்து அதன் நகலை உருவாக்கி, காப்பாற்றும் படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு படிப்பு எங்கே இருக்கிறது, படித்தால் பிழைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். நம் நாட்டில் இளநிலைப் பட்டத்தில் அதற்கென்று தனிப் படிப்பு கிடையாது. இருக்கிறது என்று யாராவது விளம்பரம் செய்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பிழைப்பைப் பற்றிய கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது.

அவள் பார்த்ததாகச் சொல்லும் செய்தி அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட்டைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். பார்ப்பதற்குக் கீரி போல மெலிந்து நீண்ட சிறு வேட்டை விலங்கு. அடியோடு அழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 1981இல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி என்ற ஊரில் ஒரு பண்ணை நாய், செத்த ஃபெரெட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தது. தேடிப் போனவர்கள் அங்கே ஒரு சிறு கூட்டத்தைக் கண்டார்கள். பிளேக் நோயும், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் அந்தக் கூட்டத்தையும் தின்றுவிட, 1987க்குள் எஞ்சிய 18 விலங்குகளையும் பிடித்துக் கூண்டில் வளர்த்தார்கள். குளோன்களையும் அவற்றின் வாரிசுகளையும் தவிர, இன்று வாழும் கருங்கால் ஃபெரெட்டுகள் எல்லாம் அவற்றில் ஏழே ஏழின் வழித்தோன்றல்கள். அத்தனையும் நெருங்கிய உறவு என்பதால் மரபணுப் பன்மை மிகக் குறைவு.

வில்லா என்ற பெண் ஃபெரெட் 1988இல் இறந்தது. அதன் வாரிசு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் யாரோ பொறுப்பாக அதன் திசுவை எடுத்து, சான் டியேகோ உயிரியல் பூங்காவின் உறைநிலைச் சேமிப்பகத்துக்கு அனுப்பி வைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது திரவ நைட்ரஜனில் கிடந்தது. 2020 டிசம்பர் 10 அன்று அந்தச் செல்லிலிருந்து எலிசபெத் ஆன் என்ற குளோன் குட்டி பிறந்தது. வீட்டு ஃபெரெட்டின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கி, வில்லாவின் செல்லை வைத்து, கருவை வேறொரு வீட்டு ஃபெரெட்டின் கருப்பையில் வளர்த்தார்கள். கருப்பைக் கோளாறால் எலிசபெத் ஆன் குட்டி ஈனவில்லை. அதே செல்களிலிருந்து பின்னால் பிறந்த அன்டோனியா, வர்ஜீனியாவில் உள்ள ஸ்மித்சோனியன் மையத்தில் 2024இல் மூன்று குட்டிகளை ஈன்றது, இரண்டு பிழைத்தன.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் கருமுட்டையைக் கையாண்டவர்களின் பங்கு ஒரு பகுதிதான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உங்கள் மகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். புல்வெளியில் இரவெல்லாம் விளக்குப் பிடித்துக் கணக்கெடுத்த களப் பணியாளர், கூண்டில் நோய் பார்த்த கால்நடை மருத்துவர், செல்லை உறைய வைத்துப் பதிவேட்டைச் சரியாக வைத்திருந்த ஆய்வகப் பணியாளர், வில்லாவின் மரபணுவில் மற்றவற்றில் இல்லாத பன்மை இருக்கிறது என்று கணினியில் கண்டுபிடித்தவர், எந்த ஆணை எந்தப் பெண்ணுடன் சேர்ப்பது என்று தீர்மானித்தவர். இத்தனை பேரில் தான் யாராக இருக்க விரும்புகிறாள்? படிப்பு அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது.

குளோனிங்கின் மறுபக்கமும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீலகிரியில் சாலையோரம் நின்று நம்மை முறைக்கிறதே, அந்தக் காட்டுமாட்டை 2001 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு பசுவின் வயிற்றில் குளோன் செய்தார்கள். நோவா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாளில் வயிற்றுப்போக்கால் இறந்துவிட்டது. ஸ்பெயினில் அழிந்துபோன பைரனீஸ் மலையாட்டின் குளோன் 2003இல் பிறந்து, நுரையீரல் குறையால் சில நிமிடங்களில் மூச்சை விட்டது. குளோனிங்கில் பிறந்து புகழ்பெற்ற டாலி என்ற ஒரு செம்மறியாட்டுக்கு 277 முயற்சிகள் தேவைப்பட்டன. தோல்வியை வருடக்கணக்கில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை கொடுமையானது. காடே இல்லாத விலங்கைக் குளோன் செய்து எங்கே விடுவது என்று வனத்துறையினர் கேட்கும் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. என் கருத்தும் கிட்டத்தட்ட அதுதான். செல்லைச் சேமிப்பது அவசியம். குளோனிங் அரிதாக மட்டும் கையில் எடுக்க வேண்டிய கருவி.

இந்தியாவில் என்ன இருக்கிறது? ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் எருமைக் கன்றைக் குளோன் செய்தது. முதல் கன்று சில நாள்களில் இறந்தது. அடுத்துப் பிறந்த கரிமா பிழைத்தது. 2023இல் கங்கா என்ற கிர் இனக் கன்று பிறந்தது. விலையுயர்ந்த கருவி இல்லாமல் நுண்கத்தியால் கையாலேயே உட்கருவை நீக்கும் முறையில் அவர்கள் தேர்ந்தவர்கள். காட்டு விலங்குக்கு ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சிசிஎம்பி) லாகோன்ஸ் என்ற, அழியும் உயிரினங்களைக் காப்பதற்கான ஆய்வகம் இருக்கிறது. செயற்கைக் கருவூட்டல், சருகுமான் இனப்பெருக்கம், விந்து மற்றும் செல் சேமிப்பு ஆகியவற்றுடன், பிடிபட்ட இறைச்சி எந்த விலங்குடையது என்று மரபணுவால் சொல்லும் வேலையும் அங்கே நடக்கிறது. இந்தக் கடைசி வேலைக்கு நீதிமன்றம் வரை மதிப்பு உண்டு. மாணவர்கள் ஏனோ அதைக் கவனிப்பதே இல்லை.

உங்கள் நிலையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பி.வி.எஸ்சி. & ஏ.ஹெச். எனும் கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பு. ஓராண்டுப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் வேண்டும். அவள் அரசுப் பள்ளி மாணவி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் மறக்காதீர்கள். பிறகு முதுநிலையில் கால்நடை இனப்பெருக்கவியல், உயிரித் தொழில்நுட்பம் அல்லது வனவிலங்கு அறிவியல் எடுக்கலாம். ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் டிஎன்பிஎஸ்சி வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு முயலலாம். சொந்தமாக மருத்துவமனை வைக்கலாம். உங்கள் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

ஆய்வகமும் கணினியும்தான் பிடிக்கும் என்றால் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். (இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த) படிப்பு நல்லது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. களப் பணிதான் ஈர்க்கிறது என்றால் ஏதேனும் உயிரியல் இளநிலைக்குப் பிறகு மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலோ டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலோ முதுநிலை வனவிலங்கியல் படிக்கலாம்.

தனியார் கல்லூரிகளில் உயிரித் தொழில்நுட்பம் சேர்ப்பதாக இருந்தால் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். செல் வளர்ப்பு ஆய்வகம் எங்கே, இளநிலை மாணவர்கள் அதில் தங்கள் கையால் வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். பூட்டிய கதவைக் காட்டி, சாவி இருப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்றால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

காலக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் முடிக்கும்போது வயது முப்பதை நெருங்கிவிடும். தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகையோடு தேறினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டு வாடகைப் படி தனி. ஒருவர் கௌரவமாக வாழலாம். வீட்டுக் கடனை அடைக்க அதை நம்ப வேண்டாம். அந்த ஆண்டுகளில் கல்யாணப் பேச்சை எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் இப்போதே மனைவியோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது. பல பெண்கள் இடையில் ஆய்வை விட்டதற்கு அதுவே காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வு முடிந்ததும் அவளை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புங்கள். மருத்துவரிடம் அனுமதி கேட்டு, மாட்டுக்குச் சினை ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அங்கே விந்துக் குச்சிகள் கிடக்கும் திரவ நைட்ரஜன் கலனும், வில்லாவின் செல் கிடந்த தொட்டியும் வேலை செய்யும் விதம் ஒன்றே. இரண்டிலும் சுமார் மைனஸ் 196 டிகிரி குளிர். சாணமும் ரத்தமும் அவளை முகம் சுளிக்க வைத்தால் அதில் அவமானம் எதுவும் இல்லை. மரபணுக் கணக்கீட்டின் பக்கம் திரும்பலாம். மறுநாளும் போக வேண்டும் என்று அவளே கேட்டால் கால்நடை மருத்துவ விண்ணப்பத்தைத் தயங்காமல் போடுங்கள்.

அவள் எடுத்திருப்பது கணிதத்துடன் கூடிய உயிரியல் பிரிவா, தாவரவியல்-விலங்கியல் பிரிவா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. பிளஸ் ஒன் மதிப்பெண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கணிதம் இல்லை என்றால் நான் சொன்னவற்றில் ஐசர் வழி சற்றுக் கடினமாகும். அதற்கேற்ப வரிசையை மாற்றித் தருகிறேன்.