சாக்ரடீஸுக்குத் தெரிந்ததும் தெரியாததும்: கேள்வி பதில்

"பழைய கிரேக்கத் தத்துவத்தில் எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் சாக்ரடீஸின் 'எனக்குத் தெரியாது' பற்றித்தான். அதனால் மற்றவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கார்த்திக், ஈரோடு: "எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்று சாக்ரடீஸ் சொன்னாராமே. ஒன்றுமே தெரியாதவருக்கு அது மட்டும் எப்படித் தெரிந்தது மேடம்?

பதில்: நியாயமான கேள்வி, ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் சாக்ரடீஸ் இல்லை. அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய எந்த உரையாடலிலும் அந்த வாக்கியம் கிடையாது. சாக்ரடீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் பிளேட்டோ, ஸெனஃபோன் போன்றவர்கள் எழுதியதுதான்.

பிளேட்டோவின்படி அவர் சொன்னது இதைவிடச் சின்ன விஷயம். கி.மு. 399இல், 70 வயதில், ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சுமார் 500 ஜூரிகள் முன்னால் நின்று, தனக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர் என்று விளக்குகிறார். அவருடைய நண்பர் கைரஃபோன் டெல்ஃபிக்குப் போய், "சாக்ரடீஸைவிட ஞானி யாராவது உண்டா?" என்று அப்போலோ கோயிலில் குறி கேட்டார். "இல்லை" என்று வந்தது. கேட்ட சாக்ரடீஸுக்குக் குழப்பம். தெய்வம் பொய் சொல்லாது, ஆனால் தான் ஞானி இல்லை என்றும் அவருக்குத் தெரியும். சரி, தன்னைவிட ஞானி ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் குறியை மறுத்துவிடலாமே என்று கிளம்பினார். முதலில் ஞானி என்று பேரெடுத்த ஓர் அரசியல்வாதியிடம் போய்ப் பேசிப் பார்த்தார். திரும்பும்போது அவர் நினைத்தது ஏறக்குறைய இப்படி: நல்லது எது, மேலானது எது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது போலிருக்கிறது. அவர் தெரியாததைத் தெரிந்ததாக நினைக்கிறார், நான் அப்படி நினைப்பதில்லை. அந்த அளவுக்கு நான் ஒரு படி மேல்.

'ஒன்றுமே தெரியாது' என்று இதில் எங்கேயும் வரவில்லை, பாருங்கள். அதே நீதிமன்றத்தில், அநியாயம் செய்வது கேடு, இழிவு என்பது தனக்குத் தெரியும் என்றும் அவர் அடித்துச் சொல்கிறார்.

மீனாட்சி, மதுரை: அரசியல்வாதியை விடுங்கள், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். வேறு யாரிடமெல்லாம் போனார்?

பதில்: கவிஞர்களிடம் போனார். அவர்கள் பாடுபட்டு எழுதிய கவிதையையே எடுத்துக்கொண்டு, "இதில் என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சொன்ன விளக்கம் கவிஞர் சொன்னதைவிட நன்றாக இருந்ததாம்! அருள்வாக்குச் சொல்பவர்களைப் போல ஏதோ ஒரு வேகத்தில் நல்லதாக எழுதிவிடுகிறார்கள், ஆனால் அதைப் பற்றி அறிவு இல்லை என்று முடிவுக்கு வந்தார். கவிஞர்கள் கோபித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அவர்மேல் வழக்குப் போட்ட மூவரில் மெலட்டஸ் என்பவர் கவிஞர்கள் சார்பில் வந்தவர் என்றே அவர் சொல்கிறார்.

கடைசியாகக் கைவினைஞர்கள். இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. இவர்களுக்கு விஷயம் தெரியும், எனக்குத் தெரியாத பல நல்ல விஷயங்கள் தெரியும் என்று மனசாரச் சொல்கிறார். அப்புறம்தான் சிக்கல்: தொழில் கை வந்தது என்பதாலேயே, ஊர் எப்படி நடக்க வேண்டும், மனிதன் எப்படி வாழ வேண்டும் என்கிற பெரிய விஷயங்களும் தங்களுக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாதவனின் அகங்காரத்தைவிட இது ஆபத்து, ஏனென்றால் இங்கே நிஜமான திறமை ஒன்று பக்கத்தில் நின்று சாட்சி சொல்கிறது. பெரிய அறுவை சிகிச்சை நிபுணர் பொருளாதாரம் பேசினால் நாம் வாயைப் பிளந்து கேட்பது இதனால்தான்.

தமிழ்ச்செல்வன், தஞ்சாவூர்: "கற்றது கைம்மண் அளவு" என்று நம்மிடம் இல்லாததா? சாக்ரடீஸ் சொன்னதும் தன்னடக்கம்தானே?

பதில்: பக்கத்தில் வருகிறது, ஆனால் ஒன்றில்லை. கைம்மண், உலகளவு என்பது அளவைப் பற்றிய பேச்சு: கற்றது கொஞ்சம், கல்லாதது நிறைய. சாக்ரடீஸுக்கு அளவு ஒரு பொருட்டே இல்லை. கையில் இருக்கிற அந்தப் பிடி மண்ணே மண்தானா என்று அவர் பார்க்கச் சொல்கிறார். "நான் கற்றது கொஞ்சம்" என்று மேடையில் பணிவாகச் சொல்லிவிட்டு, தன் கருத்து எதையும் யாரும் தொடவிடாத பெரிய மனிதர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் அடக்கம் இருக்கிறது, சோதனை இல்லை. சாக்ரடீஸ் அடக்கமானவர் என்று ஏதென்ஸில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகு, "உனக்கு என்ன தண்டனை தரலாம்?" என்றால், பொதுச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்று கேட்ட ஆள் அவர்.

இன்னொன்று, இந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய முடியாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கணித ஆசிரியை, திண்டுக்கல்: தெரியாது என்று ஒப்புக்கொள்ள வைத்தால் பிள்ளைகள் சோர்ந்துபோய்விடுகிறார்கள் மேடம். அதில் என்ன லாபம்?

பதில்: உங்கள் பாடத்திலிருந்தே பதில் இருக்கிறது. மெனோ என்ற வசதியான இளைஞனோடு நடக்கும் உரையாடல். அறம் என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்டுக் கேட்டு அவனைத் திணறவைத்துவிடுகிறார். "அறத்தைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் எவ்வளவோ பேசியிருக்கிறேன், இப்போது அது என்னவென்றே சொல்ல வரவில்லை. தொட்டவனை மரத்துப்போக வைக்கும் மின்திருக்கை மாதிரி இருக்கிறீர்" என்று நொந்துகொள்கிறான்.

உடனே சாக்ரடீஸ் மெனோவின் வேலைக்காரர்களில் ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிடுகிறார். பக்கம் 2 அடி உள்ள சதுரம் ஒன்றை வரைகிறார். பரப்பு 4. இதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 8 சதுர அடி வேண்டும். பக்கம் எவ்வளவு? பையன் பட்டென்று "4 அடி" என்கிறான். வரைந்து பார்த்தால் 16 வருகிறது. சரி, 2க்கும் 4க்கும் நடுவில்தானே இருக்க வேண்டும் என்று "3 அடி" என்கிறான். அது 9. இப்போதுதான் "சத்தியமாகத் தெரியவில்லை" என்கிறான்.

அங்கே நிறுத்தி மெனோவிடம் திரும்புகிறார். இவனை மரத்துப்போக வைத்ததில் இவனுக்கு ஏதாவது நஷ்டமா? முதலில் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான், தேடியிருக்க மாட்டான். கூட்டம் கூட்டி, இரட்டைப் பரப்புக்கு இரட்டைப் பக்கம் என்று பிரமாதமாகப் பிரசங்கம் செய்திருப்பான். (அந்த அடி மெனோவுக்கு. புரிந்ததா தெரியவில்லை.) பிறகு மூலைவிட்டத்தை வரைந்து காட்ட, அதன் மேல் எழுப்பும் சதுரம்தான் 8 என்று பையன் கண்டுகொள்கிறான்.

கவனியுங்கள்: சாக்ரடீஸ் "நீ மக்கு" என்று சொல்லவில்லை, விடையையும் முதலிலேயே எழுதிப் போடவில்லை. பையன் சொன்ன 4ஐயும் 3ஐயும் வரைந்து காட்டினார், அவ்வளவுதான். பிள்ளைகள் சோர்ந்துபோவது தெரியாததால் அல்ல என்று நினைக்கிறேன். தெரியாது என்ற இடத்தில் அவர்களை விட்டுவிட்டு நாம் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம்.

பிரசாந்த், வவுனியா: மிஸ், அவருக்கு உண்மையாகவே தெரியாதா, தெரிந்துகொண்டே நடித்தாரா?

பதில்: அந்தக் காலத்திலேயே கேட்டுவிட்டார்கள். த்ரசிமக்கஸ் என்பவர், "இது உம்முடைய வழக்கமான பாசாங்கு, பதில் சொல்லாமல் நழுவுவதற்கு" என்று முகத்துக்கு நேராகவே கத்துகிறார். அறிஞர்கள் இன்றும் இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள். என் கருத்து: சதுரக் கணக்கில் அவருக்கு விடை தெரியும், அது பாடம் நடத்தும் உத்தி. அறம் எது, துணிவு எது என்கிற கேள்விகளில் நிஜமாகவே தெரியாது. மின்திருக்கை என்று மெனோ திட்டியபோது அவரே சொல்கிறார்: அந்த மீனும் மரத்துப்போய்த்தான் மற்றவர்களை மரத்துப்போக வைக்கிறது என்றால், ஒப்பிட்டது சரிதான்.

வசந்தி, சென்னை: சிவாஜி மேடையில் முழங்குவாரே, "உன்னையே நீ அறிவாய்". அது சாக்ரடீஸ் சொன்னதுதானே?

பதில்: 'ராஜா ராணி' படம், 1956, கலைஞர் வசனம். நம்மில் பலருக்கு சாக்ரடீஸ் அறிமுகமானதே அங்கேதான். ஆனால் "உன்னை அறி" என்பது டெல்ஃபி கோயிலில் பொறித்திருந்த வாசகம். சாக்ரடீஸ் அதை எடுத்துக்கொண்டு பேசியவர்.

ராஜேஷ், கோவை: தெரியாது, தெரியாது என்று உட்கார்ந்திருந்தால் முடிவு எடுப்பது எப்படி? நிர்வாகத்தில் இருப்பவனுக்கு இது ஒத்துவராது.

பதில்: ஒத்துவராமல் போனதால் என்ன ஆனது என்று ஒரு நிர்வாகியின் கதையைப் பார்ப்போம். நிக்கியாஸ், ஏதென்ஸின் பெரிய தளபதி. பிளேட்டோவின் ஓர் உரையாடலில் அவரும் லாக்கீஸ் என்ற இன்னொரு தளபதியும் துணிவு என்றால் என்ன என்று சாக்ரடீஸோடு பேசுகிறார்கள். லாக்கீஸ், "இதென்ன பெரிய கேள்வி, வரிசையை விட்டு ஓடாமல் நின்று சண்டை போடுவதுதான்" என்கிறார். ஸ்கிதியர்கள் என்ற குதிரை வீரர்கள் பின்வாங்கிக்கொண்டே சண்டை போடுகிறார்களே என்று சாக்ரடீஸ் கேட்டதும் அது விழுந்துவிடுகிறது. நிக்கியாஸ் கொஞ்சம் படித்தவர்: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அறிவதுதான் துணிவு என்கிறார். அதுவும் நிற்கவில்லை. நடுவில் போகிற போக்கில் சாக்ரடீஸ் ஒன்று சொல்கிறார்: சட்டப்படி தளபதிதான் குறிசொல்பவருக்குக் கட்டளையிட வேண்டும், குறிசொல்பவர் தளபதிக்கு அல்ல.

பிளேட்டோ இதை எழுதும்போது நிக்கியாஸின் முடிவு ஊருக்கே தெரியும். கி.மு. 413இல் சிசிலித் தீவில் ஏதென்ஸ் நடத்திய சிரக்யூஸ் நகர முற்றுகை தோற்றுப்போய், படை கப்பலேறித் தப்பிக்கத் தயாராக இருந்தது. அன்று இரவு சந்திர கிரகணம். குறிசொல்பவர்கள் மூன்று ஒன்பது நாள், அதாவது 27 நாள், இருக்கச் சொன்னார்கள். அதற்கு முன் கிளம்புவதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்று நிக்கியாஸ் பிடிவாதமாக நின்றார். அதற்குள் எதிரி துறைமுக வாயை அடைத்துவிட்டான். படை அழிந்தது, நிக்கியாஸ் கொல்லப்பட்டார், 7,000 பேருக்குக் குறையாமல் கைதாகி, பலர் கல்குவாரிகளில் வாடிச் செத்தார்கள். எதற்கு அஞ்ச வேண்டும் என்று தெரிந்ததாக நினைத்த தளபதி, கிரகணத்துக்கு அஞ்சினார்.

சாக்ரடீஸோ முடிவெடுக்க வேண்டிய இடத்தில் தயங்கவே இல்லை. கி.மு. 406இல் கடற்போரில் ஜெயித்துவந்த தளபதிகளை, புயலில் சிக்கிய வீரர்களை மீட்கவில்லை என்று மொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கப் பார்த்தது ஊர். சட்டவிரோதம் என்று எதிர்த்து நின்றார். அப்படியும் 6 தளபதிகளைக் கொன்றார்கள். பிறகு ஏதென்ஸே வருந்தியது. அடுத்து, முப்பது பேர் கொண்ட குழு ஏதென்ஸைச் சர்வாதிகாரமாக ஆண்டபோது சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொல்லப் பிடித்துவரச் சொல்லி ஐந்து பேரை அனுப்பினார்கள். நான்கு பேர் போனார்கள், இவர் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். மரணம் நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியாது. அநியாயம் கெட்டது என்று தெரியும். தெரியாத ஒன்றுக்குப் பயந்து தெரிந்த கெட்டதை ஏன் செய்ய வேண்டும்? அவருடைய கணக்கு இவ்வளவுதான்.

ஆதில், திருச்சி: டன்னிங்-க்ரூகர் விளைவு என்கிறார்களே, இதுதானா அக்கா?

பதில்: உறவு உண்டு. திறமை குறைந்தவர்கள் தங்களை அதிகமாக எடைபோடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1999இல் டன்னிங், க்ரூகர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள் சராசரியாக, கீழிருந்து எண்ணினால் 100 பேரில் 12ஆவது படியில் இருந்துகொண்டு, தங்களை 62ஆவது படியில் நினைத்துக்கொண்டார்கள். அதில் எவ்வளவு வெறும் புள்ளியியல் விளைவு என்ற வாதம் இன்னும் ஓடுகிறது. ஆனால் அது திறமை குறைந்தவர்களைப் பற்றியது. சாக்ரடீஸின் கைவினைஞர்கள் திறமைசாலிகள்.

பெயர் வேண்டாம் என்றவர்: குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா தினமும் மருத்துவக் குறிப்பு அனுப்புகிறார். அவரிடம் சாக்ரடீஸ் முறையைக் காட்டலாமா?

பதில்: வேண்டாம். சாக்ரடீஸைப் பார்த்து ஏதென்ஸின் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கக் கிளம்பினார்கள். கோபம் முழுக்க சாக்ரடீஸ் மேல் இறங்கியது. இளைஞர்களைக் கெடுத்தார் என்பதும் ஒரு குற்றச்சாட்டு ஆனது. அப்படியும் 30 வாக்குகள் மாறியிருந்தால் தப்பியிருப்பார். குடும்ப குரூப்பில் அந்த வித்தியாசம்கூட இருக்காது.

ஹேமா, பெங்களூரு: எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். யாரைக் கேட்பது? எல்லாரும் நிபுணர் என்கிறார்களே.

பதில்: வந்ததிலேயே கடினமான கேள்வி இதுதான். மருத்துவம் தெரியாதவர் நல்ல மருத்துவரையும் போலியையும் எப்படிப் பிரிப்பார் என்று சாக்ரடீஸே ஓர் உரையாடலில் கேட்டு, மருத்துவம் தெரிந்தவரால்தான் முடியும் என்ற இடத்தில் மாட்டிக்கொள்கிறார். முழுத் தீர்வு அங்கே இல்லை. ஆனால் நிக்கியாஸ், லாக்கீஸ் என்ற அந்தத் தளபதிகளிடம் அவர் கேட்பது நமக்கும் கைகொடுக்கும்: உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? நீங்களே கற்றீர்கள் என்றால், செய்து காட்டியது என்ன? உங்களால் தேறியவர்கள் யார்? அதோடு நான் ஒன்று சேர்ப்பேன்: எதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்று கேளுங்கள். சட்டென்று பட்டியல் போடுபவரிடம் தைரியமாகப் போகலாம்.

முருகேசன், திருநெல்வேலி: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பதில்: நீதிமன்றப் பேச்சிலிருந்து (பிளேட்டோவின் 'அப்பாலஜி'). ஒரே மாலையில் முடித்துவிடலாம். அடுத்து 'யூதைஃப்ரோ' என்ற உரையாடல். கூலியாள் ஒருவன் சாகக் காரணமானார் என்று சொந்த அப்பா மேலேயே கொலை வழக்குப் போட வந்தவன், பக்தி என்றால் என்னவென்று தனக்கு அத்துப்படி என்கிறான். நாலைந்து விளக்கம் சொல்லி, எல்லாம் விழுந்ததும், "இன்னொரு நாள் பேசலாம், அவசர வேலை இருக்கிறது" என்று கிளம்பிவிடுகிறான். அதற்கப்புறம் மெனோ. பேப்பரும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சதுரத்தை நீங்களே வரைய வேண்டியிருக்கும்.