கேளுங்கள், சொல்கிறோம்: பிள்ளைகளோடு வெளிநாட்டில் கார் பயணம்

முழுப் பரீட்சை லீவு நெருங்குகிறது. வெளிநாட்டுக்குப் போய், அங்கே வாடகைக் கார் எடுத்து, நாமே ஓட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஊர் சுற்றலாமா என்று கேட்டுச் சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குப் பதில்கள் இங்கே.

மலேசியாவில் 8 நாள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. திருச்சியிலிருந்து இரவு விமானம், இறங்கியதும் கார். கோலாலம்பூர், மலாக்கா, கேமரன் மலை, பினாங்கு, லங்காவி, முடிந்தால் சிங்கப்பூர். திட்டம் சரியா?
- வாசகர், அஸ்தம்பட்டி

சரியில்லை. ஊர்கள் அதிகம், ராத்திரிகள் குறைவு. முதலில் சிங்கப்பூரை வெட்டுங்கள். மலேசிய வாடகைக் காரை எல்லை தாண்டி ஓட்டப் பெரும்பாலான நிறுவனங்கள் விடுவதில்லை. லங்காவி தீவு. காரைக் கரையில் நிறுத்திவிட்டுப் படகேறினால், நிற்கிற காருக்கும் நீங்கள் வாடகை கட்டிக்கொண்டிருப்பீர்கள். மலாக்கா கோலாலம்பூருக்குத் தெற்கே இருக்கிறது, நீங்கள் போக வேண்டிய மற்ற ஊர்கள் வடக்கே. அதையும் விட்டுவிடலாம்.

இறங்கியதும் கார் எடுப்பதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய ஆபத்து. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 5.30க்கு இறங்கினால் உங்கள் உடம்புக்கு அது ராத்திரி 3 மணி. தூக்கம் கெட்ட அப்பா, அழுகிற பையன், பழக்கமில்லாத ஆட்டோமேட்டிக் கார், முன்பின் பார்க்காத எக்ஸ்பிரஸ் சாலை: இந்த நான்கும் ஒரே மணி நேரத்தில் சேரக் கூடாது. முதல் 2 நாளுக்குக் கார் வேண்டாம். பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். கொம்யூட்டர் ரயில் நேராகப் போகிறது. (வாழப்பாடி பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகனைப் பார்த்த பிள்ளைகள், பத்துமலையின் 140 அடி முருகன் முன்னால் நின்று "நம்ம ஊர்லதான் பெருசு" என்பார்கள். சொல்லட்டும்.)

மூன்றாம் நாள், ஆபீஸ் நேர நெரிசல் அடங்கிய பிறகு, ஊருக்குள் இருக்கும் கிளையில் காரை எடுங்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ வரை சுமார் 200 கி.மீ.; கார்களுக்கு வேக வரம்பு பொதுவாக 110. கேமரன் மலைக்கு இந்தப் பக்கமிருந்து ஏற இரண்டு வழிகள் உண்டு. தாப்பாவில் பிரிகிற பழைய சாலை தூரம் குறைவு, ஆனால் ஓயாமல் வளைந்து வளைந்து போகும். இன்னும் வடக்கே, ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயில் பிரிகிற சாலை அகலமானது, வளைவுகளும் நீளமானவை. சின்னப் பையனோடு சிம்பாங் பூலாய் வழியே ஏறுங்கள். போன் மேப் குறுக்கு வழி என்று தாப்பாவைக் காட்டும். சிம்பாங் பூலாயை இடை நிறுத்தமாகச் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கேமரனில் 2 இரவு, பினாங்கில் 2 இரவு. நடுவே தைப்பிங் உயிரியல் பூங்காவில் ஒரு நிறுத்தம். திரும்பும்போது பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வரை 350 கி.மீ.யை ஒரே மூச்சில் ஓட்டாமல் ஈப்போவில் ஒரு இரவு தங்குங்கள். மேப் 3 மணி நேரம் என்று சொன்னால் பிள்ளைகளோடு அது நாலரை மணி என்று கணக்கிடுங்கள். ஒன்றரை மணிக்கு ஒரு தடவை, யாரும் கேட்காவிட்டாலும் நிறுத்துங்கள். நெடுஞ்சாலையில் "ஆர் அண்ட் ஆர்" எனப்படும் ஓய்விடங்களில் சாப்பாடும் கழிப்பறையும் இருக்கும். "தண்டாஸ்" என்ற பலகை கழிப்பறை. "உத்தாரா" வடக்கு, "செலாத்தான்" தெற்கு, "கெலுவார்" வெளியேறும் வழி. இவற்றைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் தவறான கிளையில் இறங்குவது குறையும்.

சுங்கச்சாவடிக்கு, முன்கூட்டிப் பணம் ஏற்றிவைக்கும் டச் அண்ட் கோ கார்டு வேண்டும். வாடகை நிறுவனத்திலேயே கேளுங்கள். நீண்ட நெடுஞ்சாலையில் நுழையும்போது ஒரு தட்டு, வெளியேறும்போது ஒரு தட்டு; இரண்டும் ஒரே கார்டாக இருக்க வேண்டும். அப்பா கார்டில் நுழைந்து அம்மா கார்டில் வெளியேறப் பார்த்தால் தடுப்புக் கம்பு எழாது, பின்னால் வரிசை நிற்கும். பணம் தீர்ந்தாலும் இதே கதைதான், காலையிலேயே இருப்பைப் பாருங்கள்.

பெட்ரோல் நாமேதான் போட வேண்டும். முதலில் கடைக்குள் போய் "4ஆம் பம்ப், 50 ரிங்கிட்" என்று சொல்லிப் பணம் கட்டிவிட்டு வந்து குழாயை எடுக்கவும். மஞ்சள் பிடி 95 ஆக்டேன் பெட்ரோல், கறுப்புப் பிடி டீசல். மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் கொட்டித் தீர்க்கும். மேம்பாலங்களுக்கு அடியில் பைக்காரர்கள் இடது ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள், அந்த ஓரத்துக்கு வண்டியை ஒடிக்காதீர்கள்.

இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டியதில்லை என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச்சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் ஒவ்வொருவருக்கும், 4 வயதுப் பையனுக்கும் சேர்த்து, நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்டால் நீங்கள் வேறு யாருடைய தளத்திலோ இருக்கிறீர்கள்.

சர்வதேச ஓட்டுநர் உரிமம் சேலத்திலேயே கிடைக்குமா? வேறு என்னென்ன ஆவணம் சிக்கல் தரும்?
- வாசகர், குகை

கிடைக்கும். பரிவாகன் சாரதி தளத்தில் விண்ணப்பித்து (படிவம் 4ஏ), 1,000 ரூபாய் கட்டி, உங்கள் எல்லைக்குரிய ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசென்ஸ், பாஸ்போர்ட், பயண ஆவண நகல்களைக் காட்ட வேண்டும். ஓராண்டு செல்லும், அதற்குள் உங்கள் லைசென்ஸ் காலாவதியானால் அன்றோடு அதுவும் முடிந்தது. அதனால் ரொம்ப முன்கூட்டியும் எடுக்க வேண்டாம். "வீட்டுக்கே வரும் இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று இணையத்தில் தனியார் விற்பது வெறும் அட்டை. வெளிநாட்டில் ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் நம்முடைய இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் "செந்தில்குமார் பழனிசாமி", லைசென்ஸில் "பி. செந்தில்குமார்", கிரெடிட் கார்டில் "செந்தில் குமார்". நமக்கு மூவரும் ஒருவரே. கார் வாடகைக் கவுன்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். முதலில் லைசென்ஸில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு சர்வதேச உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை செலவு.

முன்பணத்துக்குப் பெரும்பாலான இடங்களில் டெபிட் கார்டு எடுபடாது. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு, அதுவும் பிளாஸ்டிக் அட்டையாகக் கையில் இருக்க வேண்டும். அண்ணன் கார்டைக் காட்டித் தம்பி கார் எடுக்க முடியாது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கிருந்தே திறந்துவிடுங்கள். முன்பணம் கார்டின் கடன் வரம்பில் முடக்கப்படும், காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் விடுபடச் சில வாரம் ஆகலாம். அந்தக் கார்டை நம்பி ஓட்டல் செலவு வைக்காதீர்கள். சாவி வாங்கியதும் நான்கு பக்கம், நான்கு டயர், கண்ணாடி, பெட்ரோல் முள் எல்லாவற்றையும் நிதானமாக வீடியோ எடுங்கள்.

இன்னொன்று: பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். பெற்றோருடையது 10 ஆண்டு என்பதால் இதைக் கவனிக்காமல் விடுவது வழக்கம். பல நாடுகள் 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. புதுப்பிக்கும்போது தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு டி படிவம் தேவை.

ஏற்காடு அடிவாரத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் என் 7 வயது மகள் வாந்தி எடுத்துவிடுகிறாள். இவளை வைத்துக்கொண்டு வெளிநாட்டு மலைப் பாதையா?
- வாசகி, ஏற்காடு

20 கொண்டை ஊசி வளைவுகளில் வளரும் பிள்ளைக்கு இது புதிதல்ல. 2 வயதிலிருந்து 12 வயது வரைதான் இந்தத் தொல்லை அதிகம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "திரும்புகிறோம்" என்கிறது, கண் முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு "சும்மா உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்த முரண்தான் வயிற்றைப் புரட்டுகிறது. ஆகவே முதல் வைத்தியம், அவள் கண்ணுக்குச் சாலை தெரிய வேண்டும். பூஸ்டர் இருக்கையில் உயரமாக உட்கார வையுங்கள். நடுச் சீட்டில் தோள் பெல்ட் இருந்தால் அங்கேயே உட்காரட்டும். வளைவுப் பாதையில் போனும் புத்தகமும் கூடாது. பாட்டு கேட்கலாம்.

வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலாவும் ஆகாது. புறப்படுவதற்கு ஒன்றரை மணி முன்பு இரண்டு இட்லி போதும்.

பாதி நோய் ஸ்டியரிங்கில் இருக்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மாற்றி மாற்றி மிதிக்காமல் ஒரே சீராகத் திருப்பினால் பின்சீட்டு அமைதியாக இருக்கும். வெளிநாட்டு வாடகைக் கார்கள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். இறக்கத்தில் "டி"யிலேயே விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பு போகும். "எல்" (L), "பி" (B; பார்க்கிங்குக்கான P அல்ல) அல்லது "எஸ்" (S) என்று அந்தக் காரில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். இடது காலுக்கு வேலை இல்லை. கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை மிதிப்பது மேனுவல் கார் பழகியவர்களின் முதல் நாள் தவறு.

மாத்திரை வேண்டுமானால் குழந்தை மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவு கேளுங்கள். இதற்குத் தரப்படும் புரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழே தரவே கூடாது. சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதிலாகத் துருதுருப்பைத் தரும். எனவே முதல் மாத்திரையை வெளிநாட்டில் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் வரை இறங்கி ஏறிப் பாருங்கள், பரிசோதனைக் களம் உங்கள் வாசலிலேயே இருக்கிறதே.

குழந்தை இருக்கையை இங்கிருந்தே தூக்கிப் போக வேண்டுமா?
- வாசகர், அம்மாபேட்டை

அங்கேயே கேட்டு வாங்கலாம். ஆனால் "ஒரு குழந்தை இருக்கை" என்று மட்டும் பதிவு செய்தால் கையில் இருப்பதைத் தந்துவிடுவார்கள். எடை, உயரம் இரண்டையும் எழுதுங்கள். பழைய ஐரோப்பியத் தரப்படி 13 கிலோ வரை பின்னோக்கிய இருக்கை, 9 முதல் 18 கிலோ வரை ஐந்து பட்டை இருக்கை, 15 முதல் 36 கிலோ வரை பூஸ்டர். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். 136 செ.மீ. உயரம் அல்லது 36 கிலோ வரம்பு என்பதால் 125 செ.மீ. உயரமுள்ள 9 வயதுப் பிள்ளைக்கும் பூஸ்டர் உண்டு. "பெரிய பொண்ணு, வேண்டாம்" என்று விட்டால் பெல்ட் தோளில் படாமல் கழுத்தில் ஏறும்.

மாட்டிய பிறகு அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் சரியாக மாட்டவில்லை. தோள் மேல் வரும் பெல்ட் பட்டையை இரு விரலால் கிள்ள முடிந்தால் தளர்வு. பின்னோக்கிய இருக்கையை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது. விரியும் பை இருக்கையின் முதுகில்தான் அடிக்கும்.

மடியிலேயே வளர்ந்த பிள்ளை முதல் நாளே கட்டுண்டு உட்காராது. 2 மாதம் முன்பே ஒன்றை வாங்கி மேட்டூர் வரை போய்ப் பழக்குங்கள்.

அண்ணன் துபாயில் இருக்கிறார். குடும்பத்தோடு போய் அங்கே கார் எடுக்க ஆசை. கவனிக்க வேண்டியது?
- வாசகி, ஆத்தூர்

அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். நேரான சாலையில் பிரச்சினை இல்லை. பெட்ரோல் பங்கிலிருந்தோ கார் பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும் நொடியில்தான் கை பழைய பக்கம் இழுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்து சீட்டுக்காரர் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். ரவுண்டானாவில் இடமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். முதல் வெளிநாட்டுப் பயணத்திலேயே ஓட்ட வேண்டும் என்றால் நாங்கள் துபாயைவிட மலேசியாவைத்தான் சொல்வோம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமீரக விசிட் விசாவில் 2022 நவம்பர் முதல் தடை உண்டு. பின்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கிறார்கள். டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்தில் உறுதி செய்யுங்கள்.

பெட்டியில் கசகசா போகக் கூடாது. அங்கே அது போதைப் பொருள் சட்டத்தில் வருகிறது. வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் இதே ரகம்.

6 பேர், ஏழு சீட் வண்டி பதிவு செய்திருக்கிறோம். போதுமா?
- வாசகர், ஓமலூர்

ஆளுக்குப் போதும், பெட்டிக்குப் போதாது. மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு சின்னப் பெட்டிக்குத்தான் இடம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகளைத் தவிர்த்து, அமுக்கினால் அமுங்குகிற துணிப் பைகளாக எடுங்கள்.

இலங்கை மலைப் பக்கம் போக ஆசை. மலைப் பாதை எனக்குப் பழக்கம்தான். நானே ஓட்டலாமா?
- காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

இடப்பக்கச் சாலை, மலை எல்லாம் உங்களுக்குச் சரிவரும். ஆனால் நம் சர்வதேச உரிமம் மட்டும் அங்கே போதாது, உள்ளூர் அங்கீகாரமும் வாங்க வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் டிரைவருடன் கார் எடுப்பதே மேல். காரணம் திறமைக் குறைவல்ல. கண்டியிலிருந்து நுவரெலியா 75 கி.மீ.தான், 3 மணி நேரம் பிடிக்கும். நீங்கள் வளைவுகளை மட்டுமே பார்த்து வருவீர்கள். டிரைவர் இருந்தால் இன்னொரு வசதி: குடும்பம் நானுஓயாவில் மலை ரயிலேறி எல்லவில் இறங்கலாம், பெட்டிகளோடு கார் சாலை வழியே வந்து ஸ்டேஷனில் காத்திருக்கும். கனமழைக்குப் பிறகு அந்த ரயில் பாதை மூடப்படுவதுண்டு. ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

வழியில் கொறிக்கத் தட்டுவடை கொண்டு போகலாமா?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை

தட்டுவடை தாராளமாக. கடையில் பொட்டலமாகக் கட்டி, மேலே என்னவென்று அச்சிட்ட சீட்டோடு இருந்தால் சுங்கத்தில் கேள்வி குறையும். சட்னியும் காய்த் துருவலும் வைத்த செட்டாக வேண்டாம். சட்னி 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. துருவிய பீட்ரூட், கேரட் வாடகைக் காரின் சீட்டில் சிந்தினால் கறைக்குத் தனி பில் வரும். சேலத்து மல்கோவாவை எந்த நாட்டுக்கும் கேட்காமல் தூக்காதீர்கள், புதுப் பழத்துக்குப் பல இடங்களில் தடை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் தட்டுவடையையும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள்.