கேள்வி – பதில்: கிளியூர் இறக்கத்தில் முன்னால் யார்?

கேள்வி: மாணவர்கள் 20 பேரை ஏற்காடு கிளியூர் அருவிக்கு அழைத்துப் போகிறேன். நான் முன்னால் நடப்பதா, பின்னாலா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: வழி தெரிந்தவர் முன்னால், முதலுதவிப் பெட்டியோடு இன்னொருவர் கடைசியில். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. திருப்பத்துக்குத் திருப்பம் தலை எண்ணுங்கள். ஈரப்பாறையில் இறங்கும்போதுதான் கால் வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம்.

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீரும் கிளியூரில்தான் விழுகிறது. கீழே வெயில் அடித்தாலும், மேலே மழையென்றால் தண்ணீர் கூடிவிடும். நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே எல்லாரையும் கரையேற்றுங்கள். செல்ஃபிக்காரர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசலாம், தப்பில்லை. யாரையாவது நீர் இழுத்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் கயிற்றை வீசுங்கள். அது பைக்குள் அல்ல, கரையில் நிற்பவர் கையில் இருக்க வேண்டும்.

ஏரியில் படகேறினால், லைஃப் ஜாக்கெட் வார்களை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது.